இடுப்பு மிதிக்க நரிக்குடிக்குப் போன கதை

அருப்புக்கோட்டையிலிருந்து நரிக்குடிக்கு யாரும் சுற்றிப் பார்க்கப் போவதில்லை. நானும் போகவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வியாழக்கிழமை, என் அண்ணன் இடுப்பை மிதிப்பதற்காகப் போனேன். நான் கால் முன்னால் வரப் பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போனால் பூசை முடிவதற்குள் இரண்டு பேராவது மிதித்துவிடச் சொல்லிக் காதைக் கடிப்பார்கள். இதில் எனக்கு எவ்வளவு எரிச்சல் என்பது ஆண்டவருக்குத்தான் தெரியும்.

அண்ணன் சூசை, கொத்தனார். நரிக்குடியில் ஒரு கட்டடத்துக்குத் தலைமைக் கொத்தனாராக அங்கேயே தங்கி வேலை பார்த்தான். "இடுப்பு பிடிச்சுக்கிருச்சு, ரோஸை உடனே வரச் சொல்லு" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தான்.

காலை எட்டு மணி பஸ்ஸில் திருச்சுழி. பதினைந்து கிலோமீட்டருக்குள்தான், ஆனால் பஸ் நின்று நின்று போனதில் முக்கால் மணி நேரம் பிடித்தது. அங்கே ஒரு மணி நேரம் காத்திருந்து நரிக்குடி பஸ். வழி நெடுக வேலிக்கருவேலும் ஆடுகளும்தான். நிழலுள்ள பக்கமாகப் பார்த்து உட்காருங்கள், அதைத் தவிர இந்தப் பாதையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

கட்டடத்துக்குப் போனால் அண்ணன் மட்டும் இல்லை. மணலில் சாக்கை விரித்து ஐந்தாறு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என் காலுக்காகத்தான்! ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான்.

"எனக்குக் கழுத்து திரும்பலத்தா. கழுத்த மிதிக்கலாமா?" என்று கேட்டாள் காளியம்மா என்ற சித்தாள். தலையில் சாந்துச் சட்டியோடு நாள் முழுக்க ஏணி ஏறி இறங்குகிறவள்.

"கழுத்த மிதிச்சா செத்துப்போவீக" என்றேன். அவள் முகம் வாடிவிட்டது.

எனக்குக் கோபம் அவர்கள் மேல் மட்டும் இல்லை, அந்த வேலை மேலும்தான். ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டையை முதுகில் தூக்கிக்கொண்டு சாரத்தில் ஏறுகிறார்கள். பொழுதுக்கும் குனிந்து தளம் போடுகிறார்கள். அண்ணாந்தபடியே கூரைக்குப் பூச்சுப் பூசுகிறார்கள். வலித்தால் அதற்குப் பெயர் வாய்வு, இல்லையென்றால் பிடிப்பு. வேலையால் வந்தது என்று ஒருத்தர் வாயிலும் வராது.

அதற்குள் அண்ணன் உள்ளேயிருந்து வந்தான். ஒரு பக்கமாகச் சாய்ந்து, வலது காலைத் தரையில் தேய்த்து நடந்தான். பாதி வழியில் வலது கால் செருப்பு கழன்று விழுந்தது. அவன் பாட்டுக்கு நடந்து வந்துகொண்டே இருந்தான்.

"அண்ணே, செருப்பு எங்க?"

குனிந்து பார்த்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. சூடு பறக்கும் மணலில் வெறுங்காலோடு நிற்கிறான், உறைக்கவில்லை. கால் கட்டைவிரலை நறுக்கென்று கிள்ளினேன். சும்மா நின்றான். இது வெறும் பிடிப்பில்லை என்று எனக்குப் பட்டுவிட்டது.

"நான் மிதிக்க மாட்டேன். இன்னைக்குச் சாயங்காலம் மதுரை எலும்பு டாக்டர் அருப்புக்கோட்டைக்கு வருவாரு. கெளம்பு. விட்டா அடுத்த வாரந்தான்."

"நாளைக்குக் காங்கிரீட்டு. மெஷினு சொல்லியாச்சு, ஆளு சொல்லியாச்சு. டாக்டரு படுத்துக்கிடம்பாரு, அப்புறம் இந்த வேல அடுத்தவன் கைக்குப் போயிரும். ஒரே ஒரு மிதி ரோஸு, விடிஞ்சா எந்திருச்சிருவேன்."

"கூடப் பொறந்தவளுக்கே மனசு எறங்கலையே" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லாரும் என்னைக் கொலைகாரியைப் போலப் பார்த்தார்கள். கத்திப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். அவன் சாக்கில் குப்புறப் படுத்துவிட்டான்.

கடைசியில், "இங்க மிதிச்சா பலிக்காது. பொறந்த வீட்டுலதான் மிதிக்கணும். அருப்புக்கோட்டைக்கு வா, மிதிக்கிறேன்" என்றேன். பச்சைப் பொய். அப்படி ஒரு முறை எங்கேயும் கிடையாது. ஆனால் அவன் உடனே எழுந்து சட்டையை மாட்டிவிட்டான்!

திரும்பும் பஸ்ஸில் அவனால் உட்கார முடியவில்லை. பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கம்பியில் தொங்கினான். என்ன விஷயம் என்று கேட்ட கண்டக்டரிடம் என் பிறப்பு வரைக்கும் சொல்லித் தொலைத்தான்.

"அப்படியா தங்கச்சி? எனக்கும் முதுகுல ஒரு பிடிப்பு..."

"டிக்கெட்டக் கிழிங்க" என்றேன்.

வீட்டுக்குப் போகும் தெருவில் திரும்பாமல் நேராக டாக்டர் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. டாக்டர் அவனைக் கால் கட்டைவிரலை மேலே தூக்கச் சொன்னார். அண்ணன் முக்கினான், வியர்த்தான். விரல் அசையவில்லை. அவன் முகத்தில் பயத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"முதுகெலும்புக்கு நடுவுல இருக்கிற ஜவ்வு பிதுங்கி நரம்ப நெருக்குது. யாராச்சும் மிதிச்சாங்களா?"

"இல்ல சார்."

"மிதிச்சிருந்தா காலே போயிருக்கலாம். நாளைக்கே மதுரைக்கு வாங்க."

மதுரையில் ஆபரேஷன் நடந்தது. நரிக்குடியில் காங்கிரீட்டை இன்னொரு கொத்தனார் போட்டு முடித்தார், வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. அண்ணன் காலுக்கு மெல்ல மெல்ல உணர்ச்சி வந்தது. மூட்டை தூக்குவதை விட்டுவிட்டு, சுவர்ப் பூச்சு வேலை மட்டும் பார்த்தான்.

உங்கள் வீட்டிலும் கட்டட வேலைக்குப் போகிறவர் இருந்தால் இதை மட்டும் கவனியுங்கள். கால் மரத்தாலோ, செருப்பு கழன்றது தெரியாமல் நடந்தாலோ, எண்ணெய், ஒத்தடம், மிதி என்று நாளைக் கடத்தாதீர்கள். பஸ்ஸில் பின் சீட்டுக் குலுக்கல் ஆகவே ஆகாது, படுக்க வைத்துக் காரில் கூட்டிப்போக முடிந்தால் நல்லது. வர மறுத்தால் தாராளமாகப் பொய் சொல்லுங்கள்.

நன்றியெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். அண்ணன் இப்போது அருப்புக்கோட்டையை அடுத்த பாளையம்பட்டியில் இருக்கிறான். வாரம் தவறாமல் என் வீட்டுக்கு வந்து, "அன்னைக்கு நீ ஒரு மிதி மிதிச்சிருந்தா ஆபரேஷனே தேவப்பட்டிருக்காது" என்று சண்டை போட்டுவிட்டுப் போகிறான். பஸ்ஸில் வருவதில்லை. நடந்தேதான் வருகிறான்.