மெஷினுக்கு வயிறு தெரியாது

படிப்பு முடிவதற்கு முன்பே தெருவில் அவளுக்கு நர்ஸம்மா என்று பெயர் விழுந்துவிட்டது. யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அவள் கதவைத்தான் தட்டுவார்கள். தேர்விலும் தேறினாள், அரசு மருத்துவமனையில் வேலையும் கிடைத்தது. குடியுரிமை அட்டையைக் காட்டினால் சேர்ந்துகொள்ளலாம் என்றார்கள்.

அட்டை அலுவலகத்தில் விரல்களைக் கண்ணாடித் தட்டில் பதித்தாள். கணினியைப் பார்த்துக்கொண்டிருந்த எழுத்தர் சட்டென்று நிமிர்ந்தார்.

“நீ எந்த முகாம்மா?”

“முகாமா? நான் இந்த ஊர்க்காரி சார்.”

“உன் ரேகை அகதிங்க பதிவுல இருக்கு. வெளிநாட்டுக்காரின்னு மெஷின் சொல்லுது.”

“எங்கண்ணன் பஸ் டிரைவர். அவர்கிட்ட அட்டை இருக்கு. ஒரே வயித்துல பொறந்து ஒருத்தர் உள்நாடு, ஒருத்தி வெளிநாடா?”

“மெஷினுக்கு வயிறு தெரியாதும்மா, விரல்தான் தெரியும்.” எழுத்தர் குரலைத் தாழ்த்தினார். “சீக்கிரம் கிளம்பு. போலீஸ் வந்தா வண்டியில ஏத்திடுவாங்க.”

வீட்டில் அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மகள் சொன்னதைக் கேட்டவள் பெட்டியைச் சட்டைமேல் அப்படியே வைத்துவிட்டாள். கருகல் நாற்றம் வந்த பிறகுதான் தூக்கினாள்.

“எல்லாம் நான் பண்ணினதுதான்டி,” என்றாள்.

மகனும் மகளும் சிறுபிள்ளைகளாக இருந்தபோது மழை பொய்த்துப்போன வருஷம் அது. எல்லை தாண்டி வந்தவர்களுக்கு ஊருக்கு வெளியே முகாம் போட்டு மாவும் பருப்பும் கொடுத்தார்கள். ஊர்க்காரர்களுக்கு ஒன்றுமில்லை. முகாமில் பழக்கமான ஒருத்தியிடம், “உன் பிள்ளைங்கன்னு சொல்லிக்கோ” என்று அம்மா இருவரையும் அனுப்பிவைத்தாள். மகளின் ரேகையை எடுத்தார்கள். மகனுக்குக் கை வெந்து விரல்நுனி வரை கட்டுப் போட்டிருந்ததால் பிறகு வரச் சொன்னார்கள். அவன் அப்புறம் போகவேயில்லை.

அதன் பிறகு நர்ஸம்மா பெரிய ரோட்டுப் பக்கம் போவதை விட்டாள். அங்கே போலீஸ் அட்டை கேட்டுக்கொண்டு நின்றது. மோட்டார் சத்தம் கேட்டாலே சந்துக்குள் ஒதுங்கினாள். மருத்துவமனையோ எத்தனை நாள் காத்திருக்கும்?

அப்போதுதான் பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக்காக ஒரு பெண் வந்தாள். அட்டை கிடைக்காதவர்களிடம் பேசி எழுதிக்கொண்டிருந்தாள். பேட்டிக்குச் சம்மதம் என்று ரேகை வைக்க மைப்பெட்டியைத் திறந்ததும் அம்மா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“ரேகை மட்டும் கேட்காதம்மா. ஒருவாட்டி வச்சதுக்கே இன்னும் அனுபவிக்கிறோம்.”

ஆய்வுக்காரி மைப்பெட்டியை மூடிப் பையில் போட்டாள். “உங்க பொண்ணை மாதிரி இந்தச் சுத்துவட்டாரத்துல நிறைய பேர் இருக்காங்கம்மா. விசாரணைக் குழு ஒண்ணு உக்காரப்போகுது. பெத்தவங்க நேர்ல வந்து சொன்னா அகதிங்க பதிவுல இருந்து பேரை எடுக்கலாம். ஆனா எடுத்தே தீருவாங்கன்னு நான் சொல்லமாட்டேன்.”

அன்று மாலை அண்ணன் வந்து அம்மாவிடம் கத்தினான். “முகாமுக்கு நானும்தானே போனேன்? நீ வாயைத் திறந்தா என் அட்டையும் போகும், லைசென்ஸும் போகும். ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?”

“அவளும் என் பிள்ளைதான்டா,” என்றாள் அம்மா.

அவன் சாப்பிடாமலே போய்விட்டான்.

விசாரணை நாளன்று அம்மாவும் மகளும் மட்டும்தான் கிளம்பினார்கள். நீள மேசைக்குப் பின்னால் அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் போலீஸ் வண்டி நின்றது. அம்மா தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தாள். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“ரேஷனுக்காகப் பொய் சொன்னேங்கற. இப்ப அட்டைக்காகப் பொய் சொல்லலைன்னு நான் எப்படி நம்புறது? அன்னைக்கு இவ மட்டும்தான் போனாளா?”

அம்மா மகளைத் திரும்பிப் பார்த்தாள். ஆமாம் என்றால் மகன் தப்புவான். ஆனால் மகளுக்கு அவனைவிட்டால் வேறு சாட்சி இல்லை. நர்ஸம்மா அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி தறிகெட்டு ஓடியது.

“நானும் போனேங்க.”

எல்லோரும் திரும்பினார்கள். பஸ் டிரைவர் சீருடையிலேயே கதவருகே அண்ணன் நின்றிருந்தான். அவன் எப்போதோ வந்து பின்னால் நின்றிருக்கிறான்.

“இவ என் கூடப்பொறந்த தங்கச்சி. எனக்குக் கை வெந்திருந்துச்சு, ரேகை எடுக்கல. இல்லைன்னா நானும் இவ மாதிரிதான் நின்னிருப்பேன்.” சட்டைக் கையை முழங்கைக்கு மேல் ஏற்றி, சுருங்கிய தழும்பைக் காட்டினான். பையிலிருந்த அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தான்.

தலைவர் தழும்பை வெகுநேரம் பார்த்தார். பிறகு மற்றவர்களிடம் தலைசாய்த்துப் பேசினார். பெண்ணின் பெயரை அகதிகள் பதிவிலிருந்து நீக்கச் சிபாரிசு செய்தார்கள். அண்ணனின் அட்டையை விசாரணைக்கென்று வைத்துக்கொண்டார்கள்.

மழைக்காலம் முடியும்போது நர்ஸம்மாவுக்கு அட்டை வந்தது. முதலில் சொன்ன வேலை வேறொருத்திக்குப் போயிருந்தது. சின்ன மருத்துவமனை ஒன்றில் பிரசவ வார்டில் சேர்ந்தாள். அண்ணனை இன்னும் பஸ் ஓட்ட விடவில்லை. பணிமனையில் வண்டி கழுவுகிறான். “வெயிலுக்கு இது நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிச் சிரிக்கிறான். அண்ணிக்கு மட்டும் சிரிப்பு வருவதில்லை. ஒவ்வொரு வாரமும் லீவு நாளில் நர்ஸம்மா அவன் அட்டையைத் திரும்பக் கேட்டு அவனோடு அட்டை அலுவலக வரிசையில் போய் நிற்கிறாள்.