தண்ணீர் ஊற்றிய தேதி

என் சித்தி ஒரு கிளினிக்கின் மருந்து ஜன்னலில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். குழந்தைகளுக்கான ஆன்டிபயாடிக் பாட்டிலில் பொடியாகத்தான் வரும். ஆறவைத்த தண்ணீரைக் கோடு வரை ஊற்றிக் குலுக்கிக் கொடுக்க வேண்டும். அவள் ஊற்றினால் ஒரு சொட்டுகூடக் கோட்டைத் தாண்டாது. அதனால் அங்கே அவளுக்குப் பெயர் 'கோட்டக்கா'.

ஏன் பொடியாக வருகிறது என்பது எனக்குப் பள்ளி முடித்த பிறகுதான் புரிந்தது. அந்த மருந்தின் நடுவில் நான்கு அணுக்கள் கைகோத்த சின்ன வளையம் ஒன்று இருக்கிறது. பீட்டா-லாக்டம் என்பார்கள். நெருக்கி வளைத்ததால் எப்போது விடுபடலாம் என்று துடித்துக்கொண்டிருக்கும். கிருமி தன் சுவரைக் கட்டப் பயன்படுத்தும் நொதியில் பட்டதும் வளையம் திறந்து அதிலேயே ஒட்டிக்கொள்ளும். சுவர் கட்டுவது நின்றுபோய்க் கிருமி சாகும். ஆனால் அதே வளையத்தைத் தண்ணீரும் மெல்லத் திறந்துவிடும். சூட்டில் இன்னும் சீக்கிரம். பிறகு மருந்து என்று பெயர்தான் மிச்சம்.

இது சித்திக்குத் தெரியாததல்ல. கலந்தால் ஏழு நாள்தான், அதுவும் குளிரில் என்று பாட்டிலிலேயே அச்சடித்திருக்கிறது. ஆனாலும் திங்கட்கிழமைக் கூட்டத்தைச் சமாளிக்கச் சனிக்கிழமையே பத்து பாட்டில் கலந்து ஜன்னலோர அலமாரியில் அடுக்கிவிடுவாள். மிஞ்சியது அடுத்த வாரம் போகும், அதற்கடுத்த வாரமும் போகும்.

ஒரு நாள் தையல் வேலை செய்யும் பெண் ஒருத்தி தன் குழந்தையோடு மறுபடி வந்தாள். காதில் சீழ் நிற்கவில்லை.

"ஒரு வேளைகூட விடலீங்க டாக்டர்."

"எல்லாரும் இதத்தான் சொல்றீங்க. குழந்தை துப்புனா அத்தோட விட்டுடுறது. ஒழுங்கா குடுத்திருந்தா காது ஏன் இப்படி இருக்கு?"

அவள் அழுதாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் சித்தி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவள் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"அது தண்ணி ஊத்திப் பதினாறு நாளான பாட்டில்டா. தெரிஞ்சே வாய மூடிட்டு இருந்துட்டேன்."

"வேற மருந்து எழுதியாச்சில்ல? விடு சித்தி," என்றேன். அப்படிச் சொன்னதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

மறுநாள் டாக்டரிடம் சொல்லி, வாங்கிக்கட்டிக்கொண்டு, என் வண்டியில் அந்தப் பெண்ணின் வீட்டுக்குக் கிளம்பினாள். நான் தெருமுனையிலேயே நிற்கிறேன் என்றேன்.

"தப்பு பண்ணவளே போறேன். உனக்கென்னடா வெக்கம்? வா."

வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெண்ணின் முகம் இறுகியது.

"நேத்துலேருந்து எங்க வீட்டுக்காரரு என்னைத்தான் வறுத்தெடுக்குறாரு. அவருகிட்டயும் சொல்லுங்கக்கா."

உள்ளேயிருந்து வந்த கணவரிடம் சித்தி முதலிலிருந்து மறுபடி சொன்னாள். அவர் திட்டவில்லை.

"மத்த பாட்டிலெல்லாம் யார் யாருக்குக் குடுத்தீங்க?"

சித்தி என்னைப் பார்த்தாள். அதுவரை நாங்கள் ஒரு குழந்தையைத்தான் நினைத்திருந்தோம்.

கிளினிக் நோட்டில் தண்ணீர் ஊற்றிய தேதியையும் கொடுத்த தேதியையும் ஒப்பிட்டதில், கடந்த சில வாரங்களில் ஏழு நாள் தாண்டிய பாட்டில் போனதாகப் பதினொரு வீடு தேறியது. பல வீடுகளில் குழந்தைகள் குணமாகியிருந்தார்கள். இரண்டு பேரை உடனே டாக்டரிடம் அனுப்பினோம். கடைசி வீட்டில் பாதி சொல்வதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

"போலாம் சித்தி," என்றேன்.

உள்ளே குழந்தை இருமுவது கேட்டது. அவள் மறுபடி கதவைத் தட்டினாள்.