கஸ்பர் எந்த ஆண்டு மாணவர்?

கஸ்பர் வாய் திறந்து கத்துவது உதைபந்தாட்ட மைதானத்தில் மட்டும்தான். ரொறன்ரோவில் வெக்ஸ்போர்ட் பக்கம் யன்னல் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஒன்பது வருசமாக வேலை. அங்கே அவருடைய குரல் எப்படி இருக்கும் என்று கேட்டால் மேற்பார்வையாளருக்கே சட்டென்று நினைவு வராது. வீட்டில் மனைவி யோசப்பின் பத்துச் சொன்னால் அவர் ஒன்று சொல்லுவார். ஆனால் ஸ்காபரோவில் வெயில் ஏறி, சென் கிறகரிஸ் கல்லூரிப் பழைய மாணவர் அணி பச்சைச் சட்டையோடு பூங்காவில் இறங்கிவிட்டால் ஆள் வேறு.

"டேய், ஆளை விட்டிட்டுப் பந்தைப் பாக்கிறியே! பின்னால ஓடடா, பின்னால!"

அணி ஓடாது. பந்து வலைக்குள் போகும். கஸ்பர் தொப்பியைக் கழற்றிப் புல்லில் எறிவார்.

யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் ஆளுக்கொரு சங்கம் வைத்து, ஆளுக்கொரு அணி சேர்த்து, ஒவ்வொரு கோடையிலும் ரொறன்ரோவில் சுற்றுப்போட்டி வைத்த காலம் அது. பதினாறு அணிகள் வரும். கிறகரிஸ் தொண்ணூற்றிரண்டில் முதல் ஆட்டத்திலேயே ஆறு கோல் வாங்கியது. அடுத்த வருசம் நாலு. தொண்ணூற்றி நாலில் எதிரணிக்கு ஆள் வந்து சேரப் பிந்தியதால் ஒரு ஆட்டம் ஆடாமலே வென்றார்கள்; அடுத்ததில் ஏழு வாங்கினார்கள். கிறகரிஸோடு ஆட்டம் விழுந்தால் மற்ற அணிக்காரர் ஆட்டம் தொடங்க முதலே கொத்துரொட்டி சாப்பிடப் போவார்கள். அந்தளவு தைரியம்.

ஏன் தோற்கிறார்கள் என்று கஸ்பருக்குத் தெரியும். நடுவில் விளையாடியவர் சங்கத் தலைவரின் மருமகன். அவருக்கு மூச்சு இருபது நிமிசம்தான். கோலி முதல்நாள் இரண்டு ஷிஃப்ட் வேலை செய்துவிட்டு நேராக வந்து கம்பத்தில் சாய்ந்து நிற்பான். யார் எங்கே நிற்பது என்பதை மைதானத்துக்கு வந்த பிறகுதான் வாக்குவாதப்பட்டு முடிவெடுப்பார்கள். இதையெல்லாம் கஸ்பர் எடுத்துச் சொல்வார். "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்பார்கள். அடுத்த வருசமும் அதே மருமகன்.

"தோக்கிறதைப் பாக்கிறதுக்கே உந்த வெயிலுக்க போறியள்?" என்று யோசப்பின் கேட்பார்.

"இந்த வருசம் ரீம் பறுவாயில்லை."

"போன வருசமும் உதைத்தான் சொன்னனீங்கள். சரி, படிச்ச பள்ளிக்கூடம் எண்டாலும் ஒரு நியாயம் இருக்கு."

அதற்குமேல் யோசப்பின் சொல்லமாட்டார். சொல்ல வேண்டியதும் இல்லை. கஸ்பர் சென் கிறகரிஸில் படித்தவர் இல்லை. அவருடைய தகப்பன் அந்தோனி அந்தக் கல்லூரி மைதானத்தில் புல் வெட்டியவர். கஸ்பர் ஐந்தாம் வகுப்பை ஊர்ச் சின்னப் பள்ளியில் முதலாவதாக முடித்தபோது, அந்தோனி தோள் சால்வையைக் கழற்றிக் கையில் பிடித்தபடி போய் அதிபர் அறை வாசலில் நின்றார். இடமில்லை என்று பதில் வந்தது. அந்தத் தவணையில் மட்டும் ஒன்பது பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்தார்கள். அடுத்தநாள் அந்தோனி வழக்கம்போல் புல் வெட்டப் போனார். கஸ்பரும் போனான். மைதானத்தின் கம்பி வேலிக்கு வெளியே நின்று, எல்லை தாண்டி வந்து விழுகிற பந்துகளைப் பொறுக்கி உள்ளே எறிந்தபடி எட்டு வருசம் எல்லா ஆட்டமும் பார்த்தான். தன்னை உள்ளே விடாத இடத்தின் மேல் மனிதனுக்கு இப்படியும் ஒரு பிடிப்பு வருமா என்றால், வந்துவிட்டது. வந்தபிறகு அதைக் கழற்றி வைக்க அவருக்குத் தெரியவில்லை.

ரொறன்ரோவில் அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அறுபத்தி நாலாம் ஆண்டு அரையிறுதியில் யார் கோல் போட்டது, எந்தக் காலால் போட்டது என்று சொல்லக்கூடிய ஒருவரிடம் நீ அங்கே படித்தாயா என்று யார் கேட்பார்? பழைய மாணவர் என்று அவர்களே எடுத்துக்கொண்டார்கள். அவர் ஆம் என்று சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை.

தொண்ணூற்றி ஆறில் அணி கலைகிற நிலைக்கு வந்தது. பயிற்சியாளர் வேலை மாறி வேறு மாகாணத்துக்குப் போய்விட்டார். சங்கக் கூட்டத்தில் அணியைக் கலைத்துவிட்டு அந்த நேரத்துக்குக் கலைவிழா வைப்போம் என்று பேச்சு வந்தது. அப்போதுதான் கஜீவன் கஸ்பரிடம் வந்தான். கிறகரிஸில் படித்துத் தொண்ணூற்றி மூன்றில் நாட்டை விட்டு வந்தவன். ரொறன்ரோவுக்கு வெளியே ஒஷாவாவில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை. அந்த அணியில் பந்து விளையாடத் தெரிந்த ஒரே ஆள் என்று கஸ்பர் எப்போதோ முடிவு கட்டியிருந்தார்.

"அண்ணை, வெளியில நிண்டு கத்துறதை உள்ளுக்க வந்து சொல்லுங்கோவன்" என்றான் கஜீவன்.

கஸ்பர் முதலில் சிரித்தார். பிறகு அன்றிரவு, இல்லை, அந்தக் கிழமை முழுக்க அதையே நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்குப் போனார்.

அவர் செய்தது பெரிய வித்தை இல்லை. மருமகனை வெளியே இருத்தினார். குளிர்காலத்தில் ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தை வாரத்துக்கு ஒருநாள் எடுத்து, பந்தைத் தொட விடாமல் முதல் ஒரு மாதம் ஓட வைத்தார். ஒஷாவாவுக்குத் தானே கார் ஓட்டிப் போய்க் கஜீவனை ஏற்றி வந்து திரும்பக் கொண்டுபோய் விட்டார். கோலியின் வேலைத்தளத்துக்குப் போய் அவனுடைய மேற்பார்வையாளரிடம் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கதைத்து, வெள்ளிக்கிழமை ஷிஃப்டை மாற்றிக் கொடுத்தார். தனக்காக எதையும் யாரிடமும் கேட்டறியாத மனிதர்.

தொண்ணூற்றி ஏழில் கிறகரிஸ் முதல்முறையாக ஆடி வென்றது. ஒன்றுக்குப் பூச்சியம். அன்று கஸ்பர் கத்தவில்லை. மைதான ஓரத்தில் குந்தி இருந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். தொண்ணூற்றி எட்டில் மூன்று ஆட்டம் தொடர்ந்து வென்று இறுதியாட்டத்துக்கு வந்தார்கள். கொத்துரொட்டிக்குப் போனவர்கள் திரும்பி வந்து பார்த்தார்கள். எட்டிப் பார்க்காத சங்கத்துப் பெரியவர்கள் எல்லாம் பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார்கள். இறுதியாட்டத்துக்கு ஒரு சிறப்பு மலர் வெளியிடுவதென்று தீர்மானமாயிற்று.

மலருக்கு விபரம் எடுக்கச் செயலாளர் தில்லையம்பலம் கஸ்பரின் வீட்டுக்கே வந்தார். கஸ்பரின் வயதுதான் அவருக்கும். கோட்டுப் போட்ட மனிதர்; காப்புறுதி அலுவலகம் வைத்திருந்தார். யோசப்பின் தேத்தண்ணி கொடுத்தார்.

"அண்ணை, நீங்கள் இல்லாட்டி இந்த ரீம் இல்லை. அதை நான் முதல் பக்கத்திலயே எழுதுறன்" என்றார் தில்லையம்பலம், அரைக் கப்பைக் குடித்துவிட்டு. "நீங்கள் எந்த ஆண்டு பட்ச்? எனக்குக் கிட்ட முட்டத்தான் இருப்பீங்கள் எண்டு நினைக்கிறன். ஆனா முகம் பிடிபடேல்லை."

ஏதாவது ஒரு ஆண்டைச் சொல்லியிருக்கலாம். கல்லூரியின் பதிவேடு யுத்தத்தில் எரிந்துபோனது. யாராலும் சரிபார்க்க முடியாது. ஆனால் கஸ்பருக்கு அன்று தன் மேல் ஒரு நம்பிக்கை வந்திருந்தது. இத்தனை செய்தபிறகு இனி என்ன என்று நினைத்தார்.

"நான் அங்க படிக்கேல்லை. அப்பா கிறவுண்டில வேலை செய்தவர். அந்தோனி."

தில்லையம்பலம் பேனையை மூடினார். "எந்த அந்தோனி? புல்லு வெட்டுற அந்தோனியோ?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப வேலிக்கங்கால நிண்டு பந்து எடுத்துத் தாறது..."

"நான்தான்."

"ஓ" என்றார் தில்லையம்பலம். கையில் இருந்த கப்பை மேசையில் வைத்தார். பிறகு காலநிலையைப் பற்றி, கடைசியாட்டத்துக்கு மழை வருமோ என்பதைப் பற்றிக் கதைத்தார். எழும்பும்போது, "அப்ப நான் வாறன். நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்" என்றார்.

அண்ணை போய் நீர் வந்ததைக் கஸ்பர் கவனித்தார். அரைக் கப் தேத்தண்ணி அப்படியே இருந்ததை யோசப்பின் கவனித்தார்.

வியாழக்கிழமை தில்லையம்பலம் தொலைபேசியில் எடுத்தார். சங்கத்து யாப்பின்படி அணியின் பயிற்சியாளர் பழைய மாணவராக இருக்கவேண்டுமாம். மற்றக் கல்லூரிக்காரர் யாராவது ஆட்சேபித்தால் இறுதியாட்டமே இரத்தாகிவிடுமாம். ஆகவே தலைவரின் மைத்துனர் அன்றைக்கு மட்டும் அணியைப் பொறுப்பெடுப்பார். "நீர் வந்து பாரும். ஆர் வேண்டாமெண்டது? உமக்கு முன்வரிசையில கதிரை போடச் சொல்லுறன்."

"பெடியளுக்கு என்ன சொன்னீங்கள்?" என்று கஸ்பர் கேட்டார்.

"உமக்கு வேலை எண்டு சொல்லியிருக்கு."

போவதில்லை என்றுதான் முடிவு. சனிக்கிழமை காலை சவரம் செய்துகொண்டார், சட்டை மாற்றினார், யோசப்பின் பார்த்துக்கொண்டு நிற்கவே போய்விட்டார். முன்வரிசைக் கதிரைக்குப் போகாமல் எதிர்ப்பக்க மூலைக்கொடிக்குப் பின்னால், மற்ற அணியின் ஆதரவாளர்களுக்கு நடுவில் நின்றார்.

மைத்துனர் முதல் வேலையாக மருமகனை நடுவில் இறக்கி, கஜீவனை முன்னுக்குத் தள்ளியிருந்தார். எதிரணியின் ஏழாம் இலக்கக்காரன் இடப்பக்கக் காவலை அறுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தான். கோலி நாலு பந்தைப் பிடித்தான். பத்தாவது நிமிசத்திலேயே கஸ்பருக்கு விளங்கிவிட்டது: ஏழாம் இலக்கக்காரனுக்கு வலக்கால் மட்டும்தான் கால். இடக்கால் பக்கம் திருப்பிவிட்டால் அவனால் ஒன்றும் செய்ய இயலாது. சொல்வதற்கு அரை நிமிசம் போதும்.

இடைவேளையில் கஜீவன் அவரைக் கண்டுவிட்டான். மைதானத்தைக் குறுக்கறுத்து ஓடி வந்தான். வியர்வை ஒழுகியது.

"அண்ணை! வேலை எண்டாங்கள்? அந்த ஏழு எங்களைக் கொல்லுறான். என்ன செய்யிறது, சொல்லுங்கோ."

கஸ்பர் அவனைப் பார்த்தார். வாய் வரைக்கும் வந்தது.

"கோச்சிட்டைக் கேளும் தம்பி" என்றார். "நான் பாக்க வந்த ஆள்."

"நான் உங்களைத்தான் கேக்கிறன்."

"எனக்கு உரிமை இல்லை."

கஜீவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நடுவர் விசில் ஊதினார். அவன் இரண்டு தரம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஓடிப்போனான்.

ஆட்டம் முடியப் பத்து நிமிசம் இருக்கும்போது ஏழாம் இலக்கக்காரன் அதே பக்கத்தால் வந்தான், அதே வலக்காலால் அடித்தான். ஒன்றுக்குப் பூச்சியம். கஸ்பரைச் சுற்றி நின்றவர்கள் துள்ளினார்கள். ஒருவன் அவருடைய தோளைப் பிடித்துக் குலுக்கினான். அந்த இரண்டு நாளும் அவர் மனதுக்குள் ஒளித்து வைத்து விரும்பியது இதைத்தான். தோற்கட்டும், அப்போது தெரியும் என்று. தோற்றார்கள். கம்பத்தடியில் கோலி முகத்தைப் பொத்திக்கொண்டு கிடந்தான். அந்தக் கோலியின் வெள்ளிக்கிழமையை மாற்றிக் கொடுத்தது யார் என்று நினைத்தபோது கஸ்பருக்குச் சந்தோசம் வரவில்லை. தன் மேலேயே அருவருப்பு வந்தது. அவர்கள் செய்தது அநியாயம். ஆனால் அந்த அரை நிமிசம் அவருடையது.

மலர் பிறகு தபாலில் வந்தது. அணியின் பெயர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் 'திரு.' இருந்தது. கடைசி வரியில், 'மைதான உதவி: கஸ்பர்' என்று போட்டிருந்தது. யோசப்பின் அதை வாசித்துவிட்டுப் பழைய பத்திரிகைகளோடு வைத்தார்.

நடந்ததெல்லாம் கஜீவனுக்கு ஒரு மாதம் கழித்து யார் மூலமோ தெரியவந்தது. ஒஷாவாவில் இருந்து பஸ் மாறி மாறி வந்து வாசலில் நின்றான். தில்லையம்பலத்தைத் திட்டினான், தலைவரைத் திட்டினான், சங்கத்துக்கு இனிமேல் கால் வைக்கமாட்டேன் என்றான். கஸ்பர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அது அவங்கள்" என்றான் கஜீவன் கடைசியில். குரல் தணிந்திருந்தது. "நாங்கள் பதினொரு பேர் உங்களுக்கு என்ன செய்தனாங்கள் அண்ணை? நான் ஓடிவந்து கேட்டனானெல்லே."

"சாப்பிட்டிட்டுப் போம்" என்றார் கஸ்பர்.

அவன் சாப்பிட்டான். ஒஷாவாவுக்கு அவரே காரில் கொண்டுபோய் விட்டார்.

அடுத்த கோடையில் கஜீவன் ஒஷாவாவில் வேறொரு அணிக்கு ஆடினான். போர்த்துக்கேயர், யமேக்காக்காரர், போலந்துக்காரர், எல்லாரும் கலந்த அணி. ஒருநாள் வந்து பாருங்கோ என்று அழைத்தான். கஸ்பர் போனார். நாலுக்குப் பூச்சியம் என்று வென்றார்கள். கஜீவன் இரண்டு போட்டான். யாரும் யாரையும் எங்கே படித்தாய் என்று கேட்கவில்லை. கஸ்பர் கைதட்டினார். அழகான ஆட்டம்தான். ஆனால் இதில் யார் வென்றாலும் தனக்கு ஒன்றுதான் என்பதை அவர் பாதி ஆட்டத்திலேயே அறிந்துகொண்டார். அது அவருக்கு எரிச்சலாக இருந்தது.

ஆட்டம் முடிந்து கஜீவன் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"ஸ்காபரோவில சுற்றுப்போட்டி போன கிழமை முடிஞ்சுதாம்" என்றார் கஸ்பர், வேறு எங்கோ பார்த்தபடி.

"ஓம். கிறகரிஸ் முதல் மட்ச்சிலயே வெளியில. ஐஞ்சுக்குப் பூச்சியம். அந்த மருமகன்தான் கப்டன். அவங்களுக்கு நல்லா வேணும் அண்ணை."

கஸ்பர் ஓம் என்றார். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார்.

"முதல் பாதியில எத்தினை விழுந்தது?" என்று கேட்டார்.