மாதாவுக்குப் போட்ட திரை

இந்த நாட்டில் மாதாவுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலன் பகுதியில், சின்ன நகரமொன்றில் நான் துப்புரவு வேலை செய்யும் நூதனசாலை அன்று திறக்காது. மற்ற நாட்களில் மியூசியம் பார்க்க டிக்கெட் எடுத்து வருபவர்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மாதாவைப் பார்ப்பார்கள். செபிக்க ஒருவரும் இல்லை. இறந்த மகனை மடியில் வைத்திருக்கும் அந்த ஓக் மரச் சுருவத்தைச் செதுக்கியவர் யாரென்றே தெரியாது. பெரிய நகரத்து ஓவியர்களுக்கு இருக்கும் பவுசு நாட்டுப்புறத் தச்சனுக்குக் கிடைப்பதில்லை. அது எங்கள் பக்கத்திலும் அப்படித்தான்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் கோயிலில், குருத்தோலை ஞாயிற்றுக்கு ஒரு வாரம் முன்பே சுருவங்களை ஊதாத் துணியால் மூடிவிடுவோம். ஷெல் விழுந்த வருடங்களில்கூட அது தவறியதில்லை. தொண்ணூற்றேழாம் வருடத் தவக்காலத்தில், இங்கே மாதாவின் முகம் திறந்தபடி இருந்ததைப் பார்க்க எனக்கு மனம் கேட்கவில்லை. மனைவி றெஜினாவிடம் அவளுடைய ஊதாச் சேலையைக் கேட்டேன்.

"கொண்டுபோங்கோ. கிழிச்சுப்போடாதேங்கோ" என்றாள். எங்கள் இருவருக்கும் அதற்குமேல் புத்தி வேலை செய்யவில்லை. திங்கட்கிழமை தரையைத் துடைத்து முடித்து, மாதாவைத் தலையிலிருந்து கால்வரை மூடிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை நூதனசாலைப் பொறுப்பாளர் அம்மா கூப்பிட்டனுப்பினார். றெஜினா பயந்துபோனாள். "இந்த வேலையைக் காட்டித்தானே விசா நீட்ட அன்ட்ராக் எழுதிக் குடுத்திருக்கிறம். கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லுங்கோ."

"தூசி படாமல் இருக்கத்தானே மூடினீர்கள்?" என்று கேட்டார் அந்த அம்மா.

அவரே வழி காட்டிவிட்டார். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் வேலையும் தப்பும், விசாவும் தப்பும். வாய்வரை வந்துவிட்டது. மாதாவின் பெயரில் பொய் சொல்லத்தான் என்னால் ஏலவில்லை.

"இல்லை. இது துக்க காலம். ஈஸ்டர் வரைக்கும் சுருவம் பார்க்கக் கூடாது" என்றேன் எனக்குத் தெரிந்த ஜெர்மனில்.

அவர் என்னைக் களஞ்சிய அறைக்குக் கூட்டிப்போய், அலுமாரியின் நீளமான லாச்சியொன்றை இழுத்தார். உள்ளே வெள்ளை நூலில் வலைபோலப் பின்னிய பெரிய துணி. அதில் சிலுவை, ஆணிகள், சேவல். "ஹுங்கர்டூக்" என்றார். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் தவக்காலத்தில் பீடத்தை மறைக்கத் தொங்கவிட்ட திரையாம்.

"இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறேன். மூடாமல் இருக்க முடியாத ஒருவரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார்.

பிறகு நன்றாக ஏச்சும் விழுந்தது. துணி உரசினால் பழைய வர்ணம் கொட்டிவிடும், இனிமேல் தொடவே கூடாது. நியாயமான ஏச்சு. ஏசி முடித்து, மாதாவில் முட்டாதபடி முன்னால் ஒரு கம்பி கட்டி, றெஜினாவின் சேலையைத் தன் கையாலேயே திரையாகத் தொங்கவிட்டார். அந்த மனுசிக்கு நான் என்றைக்கும் நன்றி உள்ளவன்.

மற்றப் பொருட்களுக்கு இருப்பதுபோலத் திரைக்கும் ஒரு விவர அட்டை எழுதவேண்டும் என்றார். "ஹெர்குன்ஃப்ட்?" எங்கிருந்து வந்தது என்ற அந்தக் கேள்வியை எத்தனையோ விசாக் கந்தோர்களில் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இவர் பென்சிலோடு பொறுமையாகக் காத்திருந்தார்.

"யாழ்ப்பாணம்" என்றேன். எழுதினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, இங்கே நாங்கள் குடியிருக்கும் தெருவையும் ஊரையும் சொன்னேன். முதல் வரியை வெட்டாமல் அதையும் கீழே எழுதினார். இரண்டு ஊரும் ஒரே அட்டையில், ஈஸ்டர் வரை மாதாவின் காலடியில் இருந்தன.