சாட்சியில் குறையில்லை

என் அண்ணனுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று உறவில் எல்லோரும் சொல்வார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அவர் திண்டுக்கல் கோர்ட்டில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணி இருந்தவரை இருவரும் தேவாலயத்தில் ஞாயிறு பூசையைத் தவறவிட்டதில்லை. அப்படி ஒரு பூசை முடிந்து அண்ணி சாலையைக் கடக்கும்போது, எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த ஒருவர் போன் பேசிக்கொண்டே ஓட்டிவந்த வேன் மோதியது. அடக்கத்துக்குப் பிறகு அண்ணன் கோயில் பக்கமே வரவில்லை. கேட்டவர்களிடம், "சாமியாவது ஒண்ணாவது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் பங்கில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவள். சும்மா இருக்க முடியவில்லை. லீவு கிடைத்தால் பஸ் ஏறிச் சின்னாளப்பட்டியில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போய்விடுவேன். இயேசு உயிர்த்தெழுந்ததற்கு என்னென்ன ஆதாரம் என்று விளக்கும் புத்தகங்களைக் கொடுப்பேன். வாதாடுவேன். திரும்பும்போது தொண்டை கட்டியிருக்கும். அடுத்த முறையும் அதே பேச்சு, அதே அலுப்பு.

போன கோடையில் ஒரு மத்தியானம், சாப்பிட்டு முடித்ததும் கேட்டேன்.

"கடைசியாக் குடுத்ததப் படிச்சீங்களாண்ணே?"

"எல்லாத்தையும் படிச்சிட்டேன்த்தா. காலம் பூரா கோர்ட்டுல சாட்சி சொல்றவங்களப் பாத்தவன் நான். பொய்ச்சாட்சியச் செத்த நேரம் குடைஞ்சா ஒடைஞ்சிருவான். இயேசுவோட சீடருங்க அடி வாங்கியும் மாத்திச் சொல்லல, உசுரு போயும் மாத்திச் சொல்லல. கேஸ் நிக்கும்."

"அப்ப ஞாயித்துக்கெழம பூசைக்கு வாரீகளா?"

"வரமாட்டேன்."

"ஏண்ணே?"

"அவரு உசுரோட இருக்காருன்னா, அவரு சொன்னதக் கேக்கணும்ல? அந்த வேன்காரன மன்னிக்கணும். என்னால ஏலாதுத்தா. இல்லேன்னு சொல்லிட்டா அந்த ரோதனை இல்ல."

மன்னிக்கும் பலத்தையும் அவரே தருவார் என்ற பதில் என்னிடம் இருந்தது. வகுப்பில் எத்தனையோ முறை சொன்னதுதான். அன்று அதைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினேன்.

ஆதாரம் போதாமல்தான் மறுக்கிறார்கள் என்று எண்ணி எத்தனை பேரிடம் மூச்சை வீணடித்திருக்கிறேன்! சிலருக்கு ஆதாரம் போதும். அதை ஒப்புக்கொண்டால் செய்யவேண்டியிருப்பதைத்தான் தாங்க முடிவதில்லை. அண்ணனுக்கு அந்தக் கோபத்தை விடுவது அண்ணியையே விட்டுவிடுவது போலத் தோன்றியிருக்க வேண்டும். கடவுளுக்கு அது புரியும் என்றுதான் நம்புகிறேன். நான்தான் புரிந்துகொள்ள இத்தனை வருடம் எடுத்துக்கொண்டேன்.

இப்போது புத்தகம் எதுவும் கொண்டுபோவதில்லை. போகிறேன், சமைக்கிறேன், கிளம்பும் முன் சத்தமாக ஜெபம் சொல்கிறேன். முதலில் எழுந்து வெளியே போய்விடுவார். இப்போது உட்கார்ந்திருக்கிறார்.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் அந்த வேன்காரர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

"அண்ணன் எப்படி இருக்காரு டீச்சர்?"

"இருக்காரு" என்றேன்.

சின்னாளப்பட்டி பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.