கரண்ட் இல்லாத கிழமையில் எடுத்த எக்ஸ்ரே

யுத்த காலத்தில் திருகோணமலையில் கரண்ட் போனால், எப்போது வரும் என்று யாரும் கேட்பதில்லை. அப்படி ஏழு நாளும் கரண்ட் இல்லாத ஒரு கிழமையில்தான் என் மனைவி சல்லிக் கடற்கரையில் மீன் வாங்கிக்கொண்டு வரும்போது சைக்கிளோடு விழுந்தாள். மணிக்கட்டு வீங்கிவிட்டது. அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருந்த தனியார் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் டோர்ச் அடித்துப் பார்த்தார், சுளுக்கு என்றார், பண்டேஜ் சுற்றி அனுப்பினார். பில்லில் எக்ஸ்ரேக்கும் காசு போட்டிருந்தது. நான் வாசிக்காமலே கட்டிவிட்டேன்.

வீக்கம் வற்றவில்லை. கரண்ட் வந்தபின் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம்; அங்கே எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முறிந்திருக்கிறது என்று பிளாஸ்டர் போட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் அந்தப் பில்லை எடுத்து வாசித்தாள். கொழும்பில் டொக்டர்மாரை விசாரிக்கும் சபைக்கு எழுதப் போவதாகச் சொன்னாள். சண்டைக்குள் இதை யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன். முறிந்தது இடக்கை, எழுதுகிற கைக்கு ஒன்றுமில்லை என்றாள்.

சில மாதங்களில் அந்தச் சபையிலிருந்து மூத்த சிங்கள டொக்டர்மார் இருவர் ஒரு மொழிபெயர்ப்பாளரோடு விசாரணைக்கு வந்தார்கள். கிண்ணியாவிலிருந்து ஒரு கடைக்காரரும் படகேறி வந்திருந்தார். தன் வயதான உம்மாவை இதே டொக்டர் தொட்டும் பாராமல், போடாத ஊசிக்குக் காசு எடுத்ததாக அவர் சொன்னார். எங்கள் டொக்டரோ எக்ஸ்ரே எடுத்தது உண்மை, படம்தான் தொலைந்துவிட்டது என்றார்.

என் மனைவி எழும்பினாள்.

“ஐயா, அந்தக் கிழமை முழுக்க ஊரில கரண்ட் இல்லை. டொக்டர் டோர்ச் அடிச்சுத்தான் என்ர கையைப் பாத்தவர். எக்ஸ்ரே மெசினுக்கும் டோர்ச் பற்றரியே போட்டவர்?”

மொழிபெயர்ப்பாளருக்குச் சிரிப்பு முந்திவிட்டது. விசயம் விளங்கியதும் வந்தவர்களும் சிரித்தார்கள். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு, ஜெனரேட்டர் இருந்ததா என்று டொக்டரைக் கேட்டார்கள். அவர் இல்லையென்று தலையாட்டினார்.

சில மாதம் தொழில் செய்யக்கூடாது என்று அவருக்குத் தடை வந்தது. காசையும் திருப்பிக் கொடுத்தார்.

தடை முடிந்து அவர் திரும்பவும் கதவைத் திறந்தபோது எனக்குக் காய்ச்சல். மனைவி அவரிடமே போவோம் என்றாள்.

“இப்ப ஊரில அவரைப்போலக் கவனமான டொக்டர் இல்லை. வாங்கோ.”

அவளைக் கண்டதும் டொக்டர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். காய்ச்சலுக்குப் போன என்னில் நாக்கு, காது, கண், முழங்கால் என்று அவர் பார்க்காத இடம் ஒன்றும் மிஞ்சவில்லை. எல்லாம் பார்த்து, வைரஸ் காய்ச்சல், பனடோல் போடுங்கோ என்றார்.

வெளியே வாங்கில் வரிசையாக உட்கார்ந்து காத்திருந்தவர்கள் எங்களை முறைத்தார்கள். முன்பென்றால் இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்போம் என்று ஒரு பெரியவர் முணுமுணுத்தார். என் மனைவி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்சம் பொறுத்து டொக்டரிடம் காட்டிவிட்டுப் போங்கோ என்று சமாதானம் சொல்லத் தொடங்கிவிட்டாள்.