அழிக்காமல் வைத்திருந்த பிரதிகள்

நோட்டன் பிரிட்ஜ் பஜாரில் ஃபோட்டோகொப்பி, ஸ்கேன், விண்ணப்பம் நிரப்புதல் என்று சின்னதாக ஒரு கடை நடத்துகிறேன். கடையில் இருப்பது ஒரே ஒரு கணினி. இரண்டு வருடங்களுக்கு முன்பு அதன் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டேன். பட்டனை அழுத்திவிட்டுக் கதிரையில் உட்காருவதற்குள் திரை வந்துவிடும். அந்த வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தபோது, நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

மலைக்கு யாத்திரை போகும் சீசன் அது. மலையடிவாரமான நல்லதண்ணிக்குப் போகும் பஸ்கள் நிரம்பி வழிந்தன. ஒரு நாள் மதியத்துக்குப் பிறகு, மேல் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா நனைந்த குடையோடு வந்தார். கணவர் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. மரணச் சான்றிதழில் கணவருடைய பெயரைப் பிழையாக எழுதிவிட்டார்கள். அதைத் திருத்துவதற்கு, கையிலிருக்கும் பேப்பர்களை நாலு மணிக்குள் ஈமெயிலில் அனுப்பும்படி பதிவு அலுவலக அதிகாரி சொல்லியிருந்தாராம்.

இரண்டாவது பக்கத்தை ஸ்கேன் செய்யும்போது திரை அப்படியே நின்றுவிட்டது. அணைத்துப் போட்டேன். மறுபடியும் நின்றது. சுவர்க் கடிகாரத்தையும் என்னையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். நாலு மணி தாண்டிவிட்டது.

“பரவால்ல தம்பி. இன்னைக்கு வேலைக்குப் போகாம ஒரு நாள் பேரு போச்சு, சம்பளம் இல்ல, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை வாறேன்.”

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை கடைக் கதவை முழுதாகத் திறக்காமலே உட்கார்ந்து, ஹட்டனில் கணினி திருத்தும் நண்பனுக்கு ஃபோன் செய்தேன்.

“டிஸ்க் செத்துப்போச்சு போலடா.”

“பார்க்காம சொல்லாத. மொதல்ல ஹெல்த்தப் பாரு. பொறகு ஸ்பீட் டெஸ்ட் ஓட்டு.”

ஹெல்த் நன்றாகவே இருந்தது. படிக்கும் வேகத்திலும் குறையில்லை. எழுதும் வேகம்தான் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பழைய ஹார்ட் டிஸ்க்கை விடக் கீழே போய்விட்டது.

“எவ்வளவு எடம் மிச்சம் இருக்கு?” என்று கேட்டான். பார்த்தேன். சிவப்புக் கோடு கடைசி வரைக்கும் போயிருந்தது.

“அப்ப அதுதான்டா. அது எழுதுறதுக்கு வெத்து எடம் வேணும். அஞ்சுல ஒரு பங்காவது சும்மா விடு. ட்ரிம் ஓடுதான்னும் பாரு.”

எந்த இடம் காலியானது என்று எஸ்.எஸ்.டி.க்குத் தெரிவிக்கிற வேலை ட்ரிம்முடையது. எப்போதோ அதுவும் நின்றுபோயிருந்தது. அதை ஓட வைத்தேன். இடத்தை அடைத்திருந்தது என்னவென்று திறந்து பார்த்தேன். கடைக்கு வந்தவர்களுடைய பேப்பர்கள். அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், ஆஸ்பத்திரித் துண்டுகள். வேலை முடிந்ததும் அழித்திருக்க வேண்டியவை. வைத்திரு என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. இறந்துபோனவர்களுடைய முகங்களும் அதில் இருந்தன.

எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் அழித்திருக்கலாம். ஏனோ கை போகவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து அழித்தேன். இரண்டாம் நாள் ஒரு ஃபோல்டரில் அந்த அக்காவின் கணவர் இருந்தார். பாஸ்போர்ட் எடுப்பதற்காக வந்திருக்கிறார். எனக்கு அந்த ஆளை ஞாபகமே இல்லை; பெயரையும் தோட்டத்தையும் வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அவருடைய பிறப்புச் சான்றிதழ் அதில் இருந்தது, பெயர் சரியாக, பதிவு இலக்கத்தோடு. பக்கத்தில் ஒரு படம்.

வெள்ளிக்கிழமை அக்கா வந்ததும் அதைக் காட்டினேன். அவர்கள் குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகி, பெயரை நிரூபிக்க வேண்டிய அந்த மூலப்பிரதி அழிந்துபோனதாம். இலக்கமும் ஞாபகமில்லாமல் புதுப் பிரதி கேட்டு எடுக்க முடியாமல் இருந்திருக்கிறார். ஆனால் அவர் சான்றிதழை அதிகம் பார்க்கவில்லை.

“இந்தச் சட்டைய நான்தான் தேச்சுக் குடுத்தேன்” என்றார். “அதுக்கப்புறம் வெளிநாடு போகல. மனசு வரலன்னுட்டாரு.”

இரண்டையும் அச்செடுத்து, அவருடைய ஃபோனிலும் போட்டுக் கொடுத்தேன். பேப்பர்கள் எல்லாம் சில நிமிடத்தில் அதிகாரிக்குப் போய்ச் சேர்ந்தன.

“கேக்காம இதையெல்லாம் வச்சிருந்தது என் தப்பு அக்கா. இப்ப என்ன செய்ய?”

அவர் அச்செடுத்த தாள்களைப் பைக்குள் வைத்தார். “வச்சிருந்ததால எனக்குக் கெடைச்சிச்சு. ஆனா இங்க வேணாம் தம்பி. எங்க கிட்டயே இருக்கட்டும்.”

அவர் பார்த்துக்கொண்டிருக்கவே அழித்தேன். என் தப்பு அவருக்கு உதவிவிட்டது என்பதில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. மீதி இருந்தவர்களையும் அந்த வாரத்துக்குள் அழித்து முடித்தேன். எழுதும் வேகம் பழையபடி ஆனது.

திருத்திய சான்றிதழ் வர மழைக்காலம் ஆகிவிட்டது. அதை ஒரு பொலித்தீன் உறையில் போட்டுக் கடைக்குக் கொண்டுவந்தார். தமிழில் இருந்த பெயரைத் தானே எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு சிங்கள வரியில் விரல் வைத்து, “இதுலயும் அவரு பேருதானா, கொஞ்சம் படிங்க தம்பி” என்றார். படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.